முதலில் பாதை, பிறகு வண்டி

புதுக்கோட்டையில் இப்போது கல்யாணப் பந்தியிலும் டீக்கடையிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "லடாக் போறதுக்கு எந்த வண்டி எடுக்கலாம்?" கேட்பவர்கள் பொழுதுபோக்குக்குக் கேட்பவர்கள் இல்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த காசோடு ஊர் திரும்பியவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள், ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கம் தோப்பும் லாரியும் வைத்திருப்பவர்கள். திருச்சி சாலையில் ஒரு மாலை நின்று பார்த்தால் மகேந்திரா தாரும் மாருதி ஜிம்னியும் ஃபோர்ஸ் குர்காவும் கூரைமேல் கம்பித் தட்டோடு கடந்துபோகின்றன. நாட்டை விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்க்காமல் சொந்தச் சக்கரத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதை வளர்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் பலர் கேள்வியைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். விளம்பரத்தில் பாறைமேல் ஏறி நிற்கும் வண்டியைப் பார்த்து முதலில் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். எங்கே போவது, எத்தனை பேர் போவது, எவ்வளவு சுமை ஏற்றுவது, வழியில் நின்றுபோனால் யார் கையில் பழுது பார்ப்பது என்பதெல்லாம் பிறகு வருகிறது. நெடுந்தூரப் பயணத்துக்கான வண்டியைத் தேர்வு செய்வதில் இந்த நான்கும்தான் முதல் நான்கு கேள்விகள். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிறதா என்பது ஐந்தாவது.

தரைவழி நெடும்பயணம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கடியாபட்டி, ராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, ராங்கியம் என்று நம் மாவட்டத்தின் தெற்கே இருக்கும் நகரத்தார் ஊர்களின் பெரிய வீடுகள் பல, பர்மாவில் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அங்கிருந்து தரைவழியாகத் தப்பி வந்தார்கள். தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து, மலைக்காட்டில் மழையிலும் காய்ச்சலிலும் நடந்தவர்களில் வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளையும் இருந்தார், வயல்கூலியும் இருந்தார். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1960-களில் பர்மிய ராணுவ அரசு இந்தியர்களை வெளியேற்றியபோது மறுபடியும் அதே எல்லை. அப்படி வந்து மணிப்பூர் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்ட தமிழர்களின் சங்கமும் கோயிலும் இன்றும் அங்கே இருக்கின்றன.

அதே எல்லைப்பக்கத்தைப் பயண ஆசையோடு கடந்தவர்களும் உண்டு. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, அஸ்ஸாமின் லெடோவிலிருந்து போர்க்காலச் சாலையில் பர்மாவுக்குள் இறங்கி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். பாதி அழிந்துபோன அந்தச் சாலையில் நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டி போயிருக்காது. நமக்கு இன்னும் நெருக்கமான கதை 2017-ல் நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்கள் குழு காரிலேயே லண்டன் வரை போனது. மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், சீனா, மத்திய ஆசியா, ரஷ்யா, ஐரோப்பா என்று 24 நாடுகள், 70 நாட்கள், ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர். அவர்கள் எடுத்துப்போனது டாடா ஹெக்ஸா. மலைச்சரிவிலும் சேற்றிலும் ஊர்ந்து ஏற உதவும் 'லோ ரேஞ்ச்' கியர் அந்த மாடலில் எந்த ரகத்திலும் கிடையாது. ஆனாலும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த இரண்டு பயணத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுகளில் மாறியது சாலை. இன்று உலகத்தின் பெரும்பாலான நெடும்பாதைகள் தார் போட்டவை. வண்டியைவிட எல்லைக் கதவுதான் பயணத்தை முடிவு செய்கிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 மே மாதம் மணிப்பூர் தீப்பற்றியது. 2024 பிப்ரவரியில், எல்லையோர மக்கள் இரு பக்கமும் தடையின்றிப் போய்வந்த ஏற்பாட்டை நிறுத்தப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த நம்மூர்க்காரர் ஒருவர் அதே சிங்கப்பூருக்குத் தரைவழியே ஓட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டால், எவ்வளவு உயர்ந்த வண்டியும் அவரை இப்போதைக்கு மோரேயைத் தாண்டிக் கொண்டுசேர்க்காது.

வெளிநாட்டுப் பயணத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. பல நாடுகள் 'கார்னே' என்ற சுங்க ஆவணத்தைக் கேட்கின்றன. வண்டியை அங்கே விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுபோவோம் என்பதற்கான உத்தரவாதம் அது. மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் அதை வழங்குகிறது. வண்டியின் மதிப்புக்கு ஏற்ப ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். வண்டி விலை ஏற ஏற முடங்கும் பணமும் ஏறும். ஷோரூமில் யாரும் சொல்லாத செய்தி இது. வெளிநாடு போகும் எண்ணம் உண்மையிலேயே இருப்பவர், விலை குறைந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் புதுக்கோட்டைக்காரர் ஒருவருக்கு இன்று கைக்கெட்டும் பாதைகள் எவை? லடாக், ஸ்பிதி, அருணாசலம், கட்ச் பாலை, சுங்கம் கட்டி நுழையும் நேபாளம், அனுமதி வாங்கி நுழையும் பூட்டான். இவற்றில் லடாக்கையே எடுத்துக்கொள்வோம். திருச்சி, நாமக்கல், சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், டெல்லி, மணாலி, லே. ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். இதில் மிகப் பெரும்பகுதி நான்கு வழிச் சாலை. தார் இல்லாத இடங்களையெல்லாம் கூட்டினாலும் சில நூறு கிலோமீட்டரைத் தாண்டாது. ஆகவே வண்டி முதலில் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து போகத் தகுந்ததாக இருக்க வேண்டும். முதுகு வலிக்காத இருக்கை, லாரியை முந்தும்போது தடுமாறாத உறுதி, இரவில் போதுமான வெளிச்சம், நம்பத்தகுந்த பிரேக். சேறு கடக்கும் திறமை அதற்குப் பிறகு.

சேறு கடப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கேதான் விற்பனைப் பேச்சு ஆளை அதிகம் ஏமாற்றுகிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதற்காக அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதன் குறை, பிடிமானம் இல்லாத சக்கரத்தின் பக்கமே சுழற்சியை விட்டுவிடுவது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கத் தொடங்கினால் அது வெறுமனே சுற்றும்; கெட்டித் தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். ஃபோர் வீல் டிரைவ் என்று எழுதியிருக்கும் வண்டியிலும் இதே கதைதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் பிடிமானம் இழந்தால் வண்டி அதே இடத்தில் நின்றுவிடும்.

இதற்கான தீர்வு நம் மாவட்டத்தில் டிராக்டர் ஓட்டும் அத்தனை பேருக்கும் தெரியும். தொளி உழும்போது ஒரு பக்கச் சக்கரம் புதைந்து சுற்றினால் குதிகாலால் ஒரு மிதியை அழுத்துவார்கள். டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும், இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுழன்று வண்டி வெளியே வரும். திருப்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார்கள். காரில் இதே வேலையைச் செய்வதுதான் 'டிஃப் லாக்'. ஃபோர்ஸ் குர்காவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனிப் பூட்டு இருக்கிறது. தாரின் சில ரகங்களில் பின் அச்சுக்கு இயந்திரப் பூட்டு உண்டு. வேறு சில ரகங்களிலும் ஜிம்னியிலும், சும்மா சுற்றும் சக்கரத்தை மின்னணு வழியாக பிரேக் போட்டுப் பிடித்து இழுவையை மறுபக்கம் தள்ளும் ஏற்பாடு இருக்கிறது. லடாக் போக அது போதும். ஐப்பசி அடைமழையில் தோப்புக்குள் தினமும் போய்வர வேண்டியவருக்கு உண்மையான பூட்டுதான் உதவும். வாங்கும் ரகத்தில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கட்டக் கூடாது.

லோ ரேஞ்ச் கியர் எஞ்சினின் இழுவையை இரண்டு, இரண்டரை மடங்காக்கி வேகத்தை அதே அளவு குறைக்கிறது. அதன் பெரிய பயன் ஏற்றத்தைவிட இறக்கத்தில் தெரியும். சரளைக்கல் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நடை வேகத்தில் இறக்கிவிடும். ஆனால் தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லாமல் நேராகப் பிணைகின்றன. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு வளைவு திரும்பினால் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தேயும். 'பாதுகாப்புக்காக' என்று நெடுஞ்சாலை முழுக்க ஃபோர் வீலிலேயே ஓட்டுகிறவர்கள் பாதுகாப்பைக் கூட்டவில்லை, இழுவையை இரு அச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயுளைத்தான் குறைக்கிறார்கள். ஃபோர் வீல் வண்டியை நகர்த்தும், நிறுத்தாது. பிரேக் பிடிக்கும் தூரம் அதனால் ஓர் அடிகூடக் குறைவதில்லை.

தனுஷ்கோடியில் இதற்கெல்லாம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணல்மேல் பயணிகளை ஏற்றிப்போனவர்கள் பழைய ஜீப்பும் வேனும் வைத்திருந்த உள்ளூர் ஓட்டுநர்கள். ஈர மணல் எது, இளகிய மணல் எது என்று பார்வையிலேயே பிரித்துவிடுவார்கள். மணலில் வண்டியைக் காப்பாற்றுவது குதிரைசக்தி இல்லை, டயர்க் காற்று. சாதாரணமாக முப்பது பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் அழுத்தத்தைப் பதினெட்டு, இருபதுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து சுமையைப் பரப்பும். புதைந்து நின்ற வண்டி பல நேரம் அதிலேயே வெளியே வந்துவிடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கிழியும். ஆகவே ஒரு கைப்பம்பும் காற்றளவு மானியும், புதைந்த வண்டியை இழுக்கும் வின்ச்சைவிட முந்திய தேவை. நல்ல டயர் போட்ட இரண்டு சக்கர இழுவை வண்டி, வழுவழுத்த டயர் போட்ட ஃபோர் வீல் வண்டியைவிட மேலே ஏறிவிடும். சாலை, சரளை இரண்டுக்கும் பொதுவான 'ஆல் டெரெய்ன்' டயர்தான் நெடும்பயணத்துக்குச் சரி. சேற்றுக்கென்று பெரிய கட்டைகளோடு வரும் டயர், 3,500 கிலோமீட்டர் தார்ச்சாலையில் இரைச்சலையும் எரிபொருள் செலவையும் கூட்டுவதோடு நனைந்த சாலையில் பிடியையும் குறைக்கும்.

இனி சுமை. நான் பார்த்தவரையில் மக்கள் மிகக் குறைவாகப் பேசுவதும், மிக அதிகமாகப் பிழைபடுவதும் இதில்தான். ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஆளும் சுமையும் சேர்த்து அதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. மிச்சம் 340 கிலோ அளவுதான். எழுபது கிலோ கணக்கில் நான்கு பேர் உட்கார்ந்தால் 280 போய்விட்டது. மீதி அறுபது கிலோவில் துணி, தண்ணீர், சமையல் சாமான், கருவிகள், கூடுதல் பெட்ரோல். கூரையில் ஒரு கூடாரத்தை மாட்டினால் அதுவே ஐம்பது, அறுபது கிலோ. பின்னால் பெட்டி வைக்கும் இடம் 208 லிட்டர். இரண்டு பேர் போவதற்கு, பின் இருக்கையை மடக்கிச் சாமான் வைத்துக்கொண்டால், ஜிம்னிக்கு இணையாக அந்த விலையில் வேறு வண்டி இல்லை என்று தயங்காமல் சொல்வேன். நான்கு பேர் குடும்பம், இரண்டு வாரப் பயணம் என்றால் அது தவறான வண்டி. அதிக சுமை ஏறிய வண்டியின் ஷாக் அப்சர்பர் உடைவதும் டயர் வெடிப்பதும் யாரும் உதவிக்கு வராத இடத்தில்தான் நடக்கும்.

இந்த எடைக் கணக்கை அறியாமல் இரும்பு பம்பர், வின்ச், கூரை ஏணி என்று கடைக்காரர் சொல்வதையெல்லாம் மாட்டுகிறார்கள். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்பக்க இரும்புத் தடுப்பை அகற்றச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி மோதலின் வேகத்தை நேராகச் சேஸிக்குக் கடத்துகிறது, ஏர்பேக் விரிய வேண்டிய நொடியைக் குழப்புகிறது, குறுக்கே வந்த மனிதரைக் கொல்லவும் செய்கிறது. அமைச்சகத்தின் நிலை சரிதான். ஆனால் எந்த அளவு டயர், எவ்வளவு எடையுள்ள கூரைத் தட்டு, எப்படிப்பட்ட கூடாரம் சட்டப்படி செல்லும் என்று சாமானியருக்குப் புரியும்படி தமிழில் ஒரு பட்டியல் ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டாமா? நாமக்கல்லில் ஒருவிதமும் ஆந்திர எல்லையில் வேறுவிதமும் பதில் கிடைக்கும் நிலையில் நேர்மையாகப் போகிறவர்தான் தவிக்கிறார்.

எரிபொருளுக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏற ஏற, டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ மூன்று சதவீத வலுவை இழக்கும். லடாக்கின் கர்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே ஜிம்னியின் பெட்ரோல் எஞ்சின் பாதி வலுவில்தான் வேலை செய்யும். லோ ரேஞ்ச் அப்போது கை கொடுக்கும். டர்போ டீசல்களுக்கு இந்தச் சோர்வு குறைவு. கீழ்வேகத்தில் இழுவையும் அதிகம். ஆனால் 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஊருக்குள்ளேயே சின்னச் சின்னத் தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை லடாக்கும், மிச்ச நாளெல்லாம் கீழராஜ வீதிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் என்று ஓடும் வண்டிக்கு டீசல் பொருந்தாது. பல டீசல்களுக்குத் தனியாக யூரியா நீர் ஊற்ற வேண்டும். அது மைனஸ் 11 டிகிரியில் உறையும். குளிர்காலத்தில் லடாக்கில் சாதாரண டீசலே உறைந்துபோகும். மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் அங்கே கொண்டுவந்தது.

மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்ற இடத்துப் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அறிவிப்புப் பலகை நீண்ட காலம் இருந்தது. ஜிம்னியின் தொட்டி 40 லிட்டர், தாரின் தொட்டி 57 லிட்டர். மலைச்சாலையில் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால், தொட்டி நிரம்பிய ஜிம்னிக்கு அந்தத் தூரத்தைத் தாண்டி முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான் மிச்சம். வழி தவறினால் அதுவும் போய்விடும்.

பழுதுபார்ப்பு, என் பார்வையில், எல்லாவற்றையும்விடப் பெரியது. மகேந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்தக் குடும்பத்தின் வழிவந்த வண்டிகளைப் பஞ்சாயத்து யூனியன் அலுவலகமும் காவல் நிலையமும் பல தலைமுறையாக ஓட்டியதால், கீரனூரிலும் பொன்னமராவதியிலும்கூட அவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த கை இருக்கிறது. அதே கை ஸ்பிதியின் காஜாவிலும் இருக்கிறது. பொலேரோ ஓடாத மலையூர் இந்தியாவில் இல்லை. இன்றைய தார் செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டியில் உள்ள ஆராய்ச்சி மையத்தில் உருவானது என்பதில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. ஆனால் வாங்குபவருக்குப் பெருமையைவிட, எந்த மாவட்டத் தலைநகரிலும் அதன் கிளட்ச் தட்டு கிடைக்குமா என்பதுதான் முக்கியம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எண்டெவர், அந்த விலையில் மிகத் திறமையான ஃபோர் வீல் வண்டிகளில் ஒன்று. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலை போனது முதல் துயரம். நல்ல வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உதிரிபாகம் எப்போது வரும் என்று உரிமையாளர்கள் காத்திருக்கத் தொடங்கியது அடுத்தது. லண்டன் வரை போய்ச் சாதித்த ஹெக்ஸாவும் பிஎஸ்-6 விதி வந்த 2020-உடன் நின்றுபோனது. 1985 முதல் ஓடிய மாருதி ஜிப்சியும் 2019-ல் நின்றது. ஆனால் ராணுவமும் காவல்துறையும் அதை அவ்வளவு வாங்கியிருந்ததால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. எத்தனை விற்றது, எத்தனை ஆண்டாக விற்கிறது, யார் யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்து வாங்குவது ஏன் அவசியம் என்பதற்கு இந்த மூன்றும் போதும்.

எனவே கேட்பவருக்கு என் பதில் இதுதான். இரண்டு பேர் போவதென்றால் ஜிம்னி. குடும்பத்தோடு, சுமையோடு என்றால் டீசல் ஃபோர் வீல் கொண்ட ஸ்கார்பியோ என் அல்லது தார் ராக்ஸ். இரண்டிலும் பெட்ரோலில் ஃபோர் வீல் வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அருணாசலத்தின் மழைக்காலச் சாலைகளே இலக்கு என்றால் குர்கா. பணம் தடையில்லை என்பவருக்கு ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் பல பத்தாண்டு உழைக்கும். இவை எதற்கும் வழியில்லாதவர் தலைகுனிய வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய பொலேரோ, நான்கு புது டயர், ஓட்டத் தெரிந்த கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை லே போய்வர இது போதும். எளிய வண்டியே போதும் என்பதை வரியும் சொல்லாமல் சொல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். ஆனால் ஜிம்னி நான்கு மீட்டருக்குள் இருந்தாலும் பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசியைத் தாண்டுவதால் 40 சதவீதத்தில்தான் வருகிறது. மலைக்கிராமத்து விவசாயிக்கும் மருத்துவப் பணியாளருக்கும் ஃபோர் வீல் ஆடம்பரம் இல்லை, தேவை. அவர்களுக்கான சிறிய ஃபோர் வீல் வண்டிக்காவது இந்த வரியை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

புதுக்கோட்டைக்குள்ளேயே ஃபோர் வீலின் எல்லை எது என்பதைக் கஜா புயல் காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய அந்தப் புயல் கறம்பக்குடி, கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதிகளின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. சாலைகளின் குறுக்கே மரமும் மின்கம்பமும் கிடந்தன. எந்தக் காரும் அதைத் தாண்டவில்லை. அரிவாளும் ரம்பமும் பொக்லைனும் டிராக்டரும்தான் வழி திறந்தன. அதுபோல வெள்ளாறு, அம்புலியாறு, அக்கினியாறு எல்லாம் பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடந்து சில மணி நேரத்தில் பெருகி வருபவை. ஓடும் நீர் ஓரடி உயரம் இருந்தால் சிறிய காரை அடித்துப்போகும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும். கூரை வரை காற்றுக்குழாய் வைத்த வண்டியின் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம். வண்டி ஆற்றோடு போய்க்கொண்டிருக்கும். தரைப்பாலத்தில் நீர் ஓடினால் திரும்பி வந்துவிட வேண்டும். எந்த வண்டிக்கும் இதில் விலக்கு இல்லை.

பழகிப் பார்க்கிறோம் என்று வார இறுதியில் கண்மாய்க்குள் இறங்குகிறவர்களைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றுப்பாசனம் குறைவான இந்த மாவட்டம் வானம் பார்த்த கண்மாய்களால் உயிர் வாழ்கிறது. கரையில் ஏறி இறங்கும் இரண்டு டன் வண்டியின் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி, பிறகு உடைப்பாகும். கலுங்கும் மடையும் யார் வீட்டுச் சொத்தும் இல்லை, ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரின் சோறு. சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலைப் பாறைகளின் அடிவாரமும் விளையாட்டுத் திடல் இல்லை. மணமேல்குடி முதல் மீமிசல் வரையுள்ள கரையில் அலையாத்திச் செடிகள் வேர்பிடிக்கும் சேற்றைச் சக்கரத்தால் கிழிக்கக் கூடாது. அதற்கு அப்பால் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்திருக்கிறது. அந்தக் கடலுக்கும் இந்தக் கரைக்கும் நடுவே வேலி எதுவும் இல்லை.

தடை மட்டும் சொன்னால் போதாது. பழக இடம் வேண்டும். நீர்நிலையோ தொல்லியல் சின்னமோ காப்புக்காடோ இல்லாத செம்மண் தரிசு நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறது. அதில் சில ஏக்கரை ஒதுக்கி, ஒரு சேற்றுக்குழி, ஒரு மணல்தடம், ஒரு சரிவு அமைத்து, கட்டணம் வாங்கி, தகுதியான பயிற்சியாளரை வைத்து மாவட்ட நிர்வாகம் நடத்தலாம். லடாக் போகிறவரைவிட அது அதிகம் பயன்படப்போவது வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு. ஒவ்வொரு புயலிலும் முதலில் கிராமத்துக்குள் போகிறவர்கள் அவர்கள். புதையாமல் ஓட்டுவது எப்படி, புதைந்த வண்டியைக் கயிறு அறுந்து ஆள் சாகாமல் இழுப்பது எப்படி என்று ஓட்டுநர் உரிமத் தேர்வு எதுவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை.

வண்டி நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் நலத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம். அதைத் தகவல் பலகையாக விட்டுவிடாமல் சட்டமாக்கி, விற்பனையை நிறுத்திய மாடலுக்கும் பத்து ஆண்டுகள் பாகம் கொடுப்பதையும், பழுது கண்டறியும் மென்பொருளை வெளி மெக்கானிக்குக்கும் திறந்துவிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும். கீரனூர் மெக்கானிக்கின் கையில் ஸ்பானர் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. புது வண்டியின் கம்ப்யூட்டரைத் திறக்கும் அனுமதிதான் இல்லை. பயிற்சித் திடல் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் மனம் வைத்தால் ஐப்பசி மழைக்குள் முதல் குழு ஓட்டுநர்கள் அதில் இறங்கிப் பழகிவிடலாம்.